மலையில் கடை போடுகிறவர்களுக்கு: ஆள் தேடும் முன் பஸ் நேரம் பாருங்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பேக்கரியோ, டீக்கடையோ, ஏழெட்டு அறை கொண்ட காட்டேஜோ புதிதாக எடுத்து நடத்த வருகிறவர்கள் ஏப்ரல் முதல் வாரத்தில் ‘வேலைக்கு ஆள் தேவை’ என்று அட்டை எழுதிக் கதவில் ஒட்டுகிறார்கள். அந்த வாரம் கடைவீதியில் பாதிக் கதவுகளில் அதே அட்டைதான் தொங்கும். குன்னூர் தந்தி மாரியம்மன் திருவிழா, ஊட்டி மாரியம்மன் தேர் எல்லாம் ஏப்ரலில் வருகின்றன. வேலை தெரிந்த உள்ளூர் ஆள் அந்த மாதம் லீவு கேட்பாரே தவிர, புது வேலை கேட்டு வரமாட்டார். அப்போது வந்து நிற்கிறவர் பெரும்பாலும் போன கடையில் நேற்று சண்டை போட்டவர். மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தின் நடுவில் உங்களிடமும் அதையே செய்வார்.

ஆள் எடுக்க நல்ல மாதம் பிப்ரவரி. பொங்கல் கூட்டம் வடிந்திருக்கும், பல விடுதிகளில் வேலை குறைந்திருக்கும், வேலையில் இருப்பவர்களும் இடம் மாறலாமா என்று யோசிக்கிற நேரம். பிப்ரவரியில் பார்த்துப் பேசி, மார்ச் 1-ஆம் தேதி சேர்த்தால், சித்திரைப் பிறப்புக்கு முன் ஆறு வாரம் பழக்கக் கிடைக்கும். செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசனுக்கு ஆள் வேண்டுமென்றால் ஜூலைக் கடைசியில் தேடத் தொடங்குங்கள். சீசனுக்கு மட்டும் தேவையென்றால் ‘மூன்று மாத வேலை’ என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். நிரந்தர வேலை என்று நம்ப வைத்து ஜூன் மழையில் அனுப்பிவிட்டால், அடுத்த வருடம் அந்த ஊரிலிருந்து ஒருவரும் உங்கள் படி ஏறமாட்டார்கள். மலை சின்னது, பேச்சு வேகமாகப் போகும்.

எத்தனை பேர் என்று முதலில் கணக்குப் போடுங்கள்

எட்டு அறை காட்டேஜை எடுத்துக்கொள்வோம். விருந்தினர் காலி செய்த அறையைப் பெருக்கி, குளியலறை கழுவி, விரிப்பு மாற்ற ஒருவருக்கு 40 நிமிடம் ஆகும். எட்டு அறையும் ஒரே நாளில் காலியானால் 320 நிமிடம், அதாவது ஐந்தே கால் மணி நேரத்துக்கும் கொஞ்சம் அதிகம். ஒருவரே செய்துவிடுவார் என்று தோன்றும். ஆனால் பழைய ஆட்கள் 11 மணிக்குப் போய், புது ஆட்கள் 1 மணிக்கே பெட்டியோடு வந்து நிற்பார்கள். உங்களிடம் இருப்பது 120 நிமிடம். 320-ஐ 120-ஆல் வகுத்தால் மூன்று பேர் வேண்டும். மூவரையும் முழுநேரமாக வைக்கத் தேவையில்லை. ஒருவர் முழுநேரம், இருவர் காலை 10 முதல் மாலை 4 வரை என்றால் சரியாக இருக்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் பெண்களுக்கு இந்த நேரம் பொருந்துகிறது. அவர்களில்தான் வருடக்கணக்கில் நிலைப்பவர்கள் அதிகம்.

வாரம் ஏழு நாளும் கடை திறந்திருக்கும், ஆள் ஆறு நாள்தான் வேலை செய்வார். தினம் ஆறு இடங்களில் ஆள் நிற்க வேண்டுமென்றால் வாரத்துக்கு 42 முறை. ஆறால் வகுத்தால் ஏழு பேர். இந்த ஏழாவது ஆளைக் கணக்கில் சேர்க்காதவர்கள்தான் வார விடுமுறையை ‘அடுத்த வாரம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளித் தள்ளி, சீசன் நடுவில் இரண்டு பேரை ஒன்றாக இழக்கிறார்கள். அந்த ஏழாமவர் இரண்டு மூன்று வேலை தெரிந்தவராக இருக்கட்டும். அவருக்குச் சம்பளம் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

பஸ், இருட்டு, காட்டுமாடு

சமவெளியில் வேலையாளைத் தேர்ந்தெடுக்கும்போது வீடு எங்கே என்பது கடைசிக் கேள்வி. இங்கே அதுதான் முதல் கேள்வி. ஒரு தாளில் நாலு பத்தி போடுங்கள்: பெயர், ஊர் அல்லது ஹட்டி (படுகர் கிராமம்), அங்கிருந்து முதல் பஸ் உங்கள் இடத்துக்கு வந்து சேரும் நேரம், திரும்பிப் போக கடைசி பஸ். பல ஊர்களுக்கு நாளுக்கு நாலைந்து நடைதான் பஸ். முதல் பஸ் ஏழேகாலுக்கு வந்து சேர்கிறதென்றால், அந்த ஊர்க்காரரை ஆறரை மணிக்குக் கடை திறக்கும் வேலையில் போடுவது வீண். இரண்டு வாரம் ஜீப்பில் தொற்றிக்கொண்டு வருவார், மூன்றாவது வாரம் நின்றுவிடுவார். சம்பளம் போதவில்லை என்று காரணம் சொல்வார், உண்மையில் போதாதது பஸ். மகளிருக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மட்டும்தான். எந்த நடையில் அது உண்டு என்று கேட்டுக்கொண்டு வேலை நேரத்தை அரை மணி நகர்த்தினால், அந்தப் பெண்ணுக்கு மாதம் ஒரு தொகை மிச்சமாகும். உங்களுக்குச் செலவில்லை.

அடுத்தது இருட்டு. குன்னூர், கோத்தகிரியில் தேயிலைக் காட்டு நடைபாதையில் காட்டுமாடும் கரடியும் சாதாரணம், சிறுத்தையும் உண்டு. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் யானை. பஸ்ஸிலிருந்து இறங்கி அரை கிலோமீட்டர் தோட்டத்துக்குள் நடக்க வேண்டியவரை மாலை ஆறு மணிக்கு விடுவது தவறு. ஐந்துக்கு முன் கிளப்புங்கள். மாலை, இரவு வேலைக்கு ஒன்று அருகிலேயே வீடுள்ளவர், இல்லையென்றால் உங்கள் இடத்தில் தங்குபவர். வேறு வழியில்லை என்றால் வண்டி வைத்து வீட்டு வாசலில் விட வேண்டும், அந்தச் செலவையும் சம்பளக் கணக்கில் எழுதுங்கள்.

சமையல்காரர், பேக்கரி மாஸ்டர் போன்ற, ஆள் இல்லாவிட்டால் கடையே நின்றுபோகும் வேலைக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து தினம் ஏறி வருபவரை நம்பாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பர்லியாறு பாதையில் மண் சரிந்தால் போக்குவரத்து நின்றுவிடும். 2009 நவம்பர் மழையில் மாவட்டம் முழுக்கச் சாலைகள் துண்டானதை இங்கே யாரும் மறக்கவில்லை.

எங்கே தேடுவது

அட்டை ஒட்டுவதைவிட, உங்களுக்குப் பால் ஊற்றுபவர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், காய்கறி மண்டிக்காரர் ஆகிய மூவரிடம் சொல்லி வையுங்கள். தினம் இருபது கடைக்குள் போய்வருகிறவர்கள். எந்தக் கடையில் சம்பளம் இழுத்தடிக்கிறார்கள், எந்தப் பெண் வேலை மாறப் பார்க்கிறாள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். மகளிர் சுய உதவிக் குழுவின் தலைவியிடம் பேசுவதும் பலன் தரும். குழுக் கடன் கட்டி வருகிற பெண் ஒழுங்காக வேலைக்கு வருவதற்கு அவளுக்கே காரணம் இருக்கிறது.

தமிழக அரசின் தனியார் துறை வேலை இணையத்தில் முதலாளியாகப் பதிவு செய்து காலியிடத்தைப் போடலாம், கட்டணம் இல்லை. ஊட்டியிலுள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மையம் நடத்தும் முகாம்களுக்கும் சின்னக் கடைக்காரர்கள் போகலாம். எலெக்ட்ரீஷியன், பிளம்பர் மாதிரி கைத்தொழில் தெரிந்த பையன் வேண்டுமென்றால் குன்னூர் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் விசாரியுங்கள். ஆனால் ஒன்று: படித்த பிள்ளைகளுக்குக் கோவையும் திருப்பூரும் மூன்று நாலு மணி நேரப் பயணம்தான். அங்கே கிடைக்கும் சம்பளத்தைக் கேட்டு வைத்துக்கொண்டுதான் உங்களிடம் பேசுவார்கள். அந்தத் தொகையை உங்களால் தரமுடியாவிட்டால், ‘வீட்டிலிருந்தே வந்துபோகலாம்’ என்பதுதான் நீங்கள் தரக்கூடிய பதில். அதனால்தான் பஸ் நேரத்தில் இவ்வளவு நின்றோம்.

சொந்தமாக அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று இலை பறிக்க வேண்டும். அந்த வீட்டிலிருந்து வருகிறவர் பறிப்பு நாளில் வரமாட்டார். முன்கூட்டிக் கேட்டு, வார விடுமுறையை அந்த நாளோடு பொருத்திவிட்டால் சிக்கல் தீர்ந்தது. கேத்தி, முத்தோரை, நஞ்சநாடு பக்கத்து ஆண்கள் இரவில் கேரட் அறுவடைக்குப் போவார்கள். கையில் உடனே காசு கிடைக்கும். ராத்திரி முழுக்க கேரட் பிடுங்கிவிட்டு காலையில் உங்கள் கவுன்டரில் தூங்குகிறவரைத் திட்டிப் பயனில்லை. எது வேண்டுமென்று அவரே முடிவு செய்யட்டும்.

டிசம்பர், ஜனவரியில் ஹெத்தையம்மன் திருவிழா. அந்த நாட்களில் படுகர் வீட்டு ஆட்களுக்கு லீவு கொடுத்தே ஆக வேண்டும். ஹட்டியில் சாவு விழுந்தாலும் அப்படித்தான். புத்தாண்டுக் கூட்டம் என்று தடுத்தால் ஆள் போய்விடுவார். உங்கள் ஆட்களை ஒரே சமூகத்திலிருந்தோ ஒரே ஊரிலிருந்தோ எடுக்காமல் கலந்து எடுத்தால், ஒருவர் திருவிழாவுக்கு மற்றவர் ஈடுகொடுப்பார். வடமாநிலத் தொழிலாளருக்கும் இதே விதி. ஜார்க்கண்ட், பீகார், அசாம், ஒடிசாவிலிருந்து வந்த பலர் தேயிலை ஆலைகளிலும் விடுதிகளிலும் இருக்கிறார்கள். ஒரே கிராமத்து நாலு பேரை எடுத்தால் ஒரு கல்யாணத்துக்கு நால்வரும் ரயிலேறுவார்கள். ஹோலி, பிஹு, சத் பூஜை நாட்களை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஏஜென்ட் வழியாக எடுப்பதைவிட, ஏற்கெனவே வேலை செய்பவர் கூட்டிவரும் ஆள் நல்லது. ஏஜென்ட் தொழிலாளியின் கூலியிலிருந்தே கமிஷன் பிடிப்பது உண்டு. நீங்கள் கொடுப்பது வேறு, அவர் கையில் சேர்வது வேறு என்றாகிவிடும். சேர்ந்தவுடன் தொழிலாளர் துறையின் புலம்பெயர் தொழிலாளர் இணையத்தில் அவர் பெயரைப் பதிவு செய்துவிடுங்கள்.

பேசிப் பார்ப்பதைவிட வேலை வாங்கிப் பார்ப்பது மேல்

‘எத்தனை வருஷம் அனுபவம்?’ என்ற கேள்விக்கு எல்லாரும் ஐந்து என்பார்கள். சமையல்காரரிடம் ‘இட்லி மாவு எப்போ அரைப்பீங்க?’ என்று கேளுங்கள். ‘சாயங்காலம் அரைச்சா காலையில ஊத்தலாம்’ என்றால் அவர் மலையில் சமைத்ததில்லை. டிசம்பர் குளிரில் அந்த மாவு காலையில் அசையாமல் கிடக்கும். மலையில் பழகியவர் மதியத்துக்குள் அரைப்பேன், வெந்நீர் கொஞ்சம் விட்டு அரைப்பேன், அடுப்பு மேடைப் பக்கம் போர்த்தி வைப்பேன் என்பார். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். தண்ணீர் ஏறத்தாழ 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பும் ராஜ்மாவும் லேசில் வேகாது. இது தெரியாத நல்ல சமையல்காரரும் முதல் வாரம் சோற்றை அரைவேக்காடாக இறக்குவார். கற்றுக்கொள்வார், தள்ளிவிட வேண்டாம். மார்ச்சில் சேர்க்கச் சொன்னது இதற்கும்தான்.

கல்லாவில் உட்காருபவருக்கு ஒரு சோதனை. 1,385 ரூபாய் பில்லுக்கு மூன்று ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுங்கள். அவர் பாக்கி எடுக்கும்போது ‘இந்தாங்க, சில்லறை 85’ என்று நீட்டுங்கள். தடுமாறாமல் 200 ரூபாய் திருப்பித் தருகிறாரா, பதற்றத்தில் இரண்டையும் கலக்குகிறாரா என்று பாருங்கள். அறை சுத்தம் செய்பவரிடம் ஓர் அறையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். முதலில் ஜன்னலைத் திறக்கிறாரா என்பது முக்கியம். இங்கே ஈரம்தான் எதிரி, திறக்காத அறையில் ஒரு வாரத்தில் பூஞ்சை வாடை வந்துவிடும். கழிப்பறைத் துணியும் டம்ளர் துடைக்கும் துணியும் ஒன்றாகிறதா என்பதைச் சொல்லித் தரவே வேண்டியதில்லை, கண்ணில் படும். டிரைவர் என்றால் குன்னூரிலிருந்து பர்லியாறு வரை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டாம் கியரில் இறங்கினால் சரி. பிரேக் வாடை அடித்தால் பாதியிலேயே திருப்பிவிடலாம்.

தேறியவரை மூன்று நாள் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளுக்கும் கூலி கொடுத்து. அதில் ஒன்று சனிக்கிழமையாக இருக்க வேண்டும், செவ்வாய்க்கிழமை எல்லாரும் நல்ல வேலைக்காரர்கள்தான்.

விசாரிப்பதும் ஆவணமும்

முந்தைய முதலாளிக்குப் போன் போடுங்கள். ‘ஆள் எப்படி?’ என்று கேட்டால் ‘நல்ல ஆள்தான்’ என்று மட்டும் வரும். எத்தனை மாதம் இருந்தார், சொல்லிவிட்டுப் போனாரா சொல்லாமல் போனாரா, திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு எதிர்முனையில் வரும் தயக்கம் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

ஆதாரின் அசலைப் பார்த்து, நகல் மட்டும் வாங்குங்கள். அசல் அட்டையையோ சான்றிதழையோ ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று வாங்கிப் பூட்டும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது ஆளைப் பிடித்து வைக்கும் வேலை, செய்யாதீர்கள். பிறந்த தேதியைக் கவனியுங்கள். 14 வயதுக்குக் கீழ் எந்த வேலையும் கூடாது, 18-க்குக் கீழ் ஆபத்தான வேலை கூடாது. 18 முடிந்தவர் மட்டும் என்று வைத்துக்கொண்டால் தலைவலி இல்லை. இரவில் தங்குபவர், சாவி வைத்திருப்பவர், பணம் கையாளுபவர் ஆகியோருக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையம் வழியாகச் சரிபார்ப்பு விண்ணப்பியுங்கள். உணவைத் தொடுகிற ஒவ்வொருவருக்கும் வருடம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனைச் சான்றும் டைபாய்டு தடுப்பூசியும் உணவுப் பாதுகாப்பு விதிப்படி வேண்டும். அதிகாரி வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

வேலை ஒப்பந்தத்தை ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம். தமிழில், இரண்டு பிரதி. அதில் இருக்க வேண்டியவை: வேலை என்ன, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தக் கிழமை விடுமுறை, கையில் வரும் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில், சாப்பாடும் தங்குமிடமும் அதில் சேர்ந்ததா தனியா, டிப்ஸ் யாருக்கு, விலகினாலும் விலக்கினாலும் ஒரு மாத முன்னறிவிப்பு. டிப்ஸ் விஷயத்தை எழுதாமல் விட்டவர்களுக்கு மே மாதம் அறைப் பையனும் சமையல்காரரும் போடும் சண்டை இலவசம்.

சம்பளம், சட்டம், முன்பணம்

கடைகளுக்கு 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், உணவகம் லாட்ஜ் போன்றவற்றுக்கு 1958-ஆம் ஆண்டின் உணவு நிறுவனங்கள் சட்டம். வாரம் 48 மணி நேரம், ஒரு நாள் விடுமுறை என்பதை மனத்தில் வைத்து வேலை அட்டவணை போடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு ஐந்து பண்டிகை நாட்களுக்கும் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. மே 1 சீசன் உச்சத்தில் வருவதால் அன்று யார் வேலை, அதற்கு ஈடு என்ன என்பதை ஏப்ரலிலேயே பேசிவிடுங்கள். 2021 திருத்தத்துக்குப் பிறகு கடையில் வேலை செய்பவர் உட்கார இருக்கை வைப்பது கட்டாயம். ஆளுக்கு ஒரு ஸ்டூல் போதும். பத்துப் பேர் ஆனால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வந்துவிடும்: மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவருக்கு நீங்கள் 3.25 சதவீதம், அவர் 0.75 சதவீதம். இருபது பேர் ஆனால் வருங்கால வைப்பு நிதி. பத்துப் பேர் ஆனாலே பெண்களின் பாலியல் தொல்லைப் புகார்களைக் கேட்க உள்ளகக் குழுவும் அமைக்க வேண்டும். குறைந்தபட்சக் கூலியின் அகவிலைப்படி ஒவ்வோர் ஏப்ரலிலும் மாறும். அந்த வருடத் தொகையைக் குன்னூரிலுள்ள தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சம்பளம் 5-ஆம் தேதி என்றால் 5-ஆம் தேதி. சீசனில் பிடித்து வைக்கவென்று ‘ஒரு மாதச் சம்பளம் டெபாசிட்’ என்று நிறுத்துபவர்கள் உண்டு. சட்டப்படி தப்பு, நடைமுறையிலும் பலிக்காது. கோபித்த ஆள் அதை விட்டுவிட்டே போவார், போகும்போது வேறு ஏதாவது எடுத்துப் போவார். அதற்குப் பதில் ஏப்ரல் 1 முதல் ஜூன் 10 வரை சொல்லாமல் நிற்காமல் வந்தவருக்கு ஜூன் 10 அன்று ஒரு தொகை என்று முன்பே அறிவியுங்கள். தொகையை எழுதிக் கொடுங்கள்.

முன்பணம் எல்லாரும் கேட்பார்கள். பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு என்று நியாயமான காரணமே இருக்கும். அதுவரை வேலை செய்த நாட்களின் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகாதீர்கள், நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். பெரிய தொகையைக் கொடுத்து ‘கடன் தீரும்வரை போகக்கூடாது’ என்று நிறுத்துவது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றம்.

தங்க இடம் கொடுப்பதென்றால்

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சாமான் அறை தங்குமிடம் ஆகாது. ஜனவரியில் ஊட்டியின் தாழ்வான இடங்களில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படர்கிறது. சமவெளியிலிருந்து வந்த பையன் ஒரு போர்வையோடு அந்த அறையில் மூன்று இரவு தாங்குவான், நாலாவது நாள் பஸ் ஏறுவான். ஆளுக்கு இரண்டு கனமான கம்பளி, தரையிலிருந்து உயர்த்திய கட்டில், குளிக்க வெந்நீர், மழையில் துணி காய ஒரு கூரையடி. இவ்வளவும் சேர்ந்து ஒரு மாதச் சம்பளத்துக்குள் முடிந்துவிடும். புது ஆள் தேடும் செலவைவிடக் குறைவு.

குளிருக்கு அறைக்குள் கரி மூட்டித் தூங்குவதை எந்தக் காரணத்துக்கும் அனுமதிக்காதீர்கள். கதவும் ஜன்னலும் சாத்திய அறையில் அடுப்புக்கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையில்லை, தூங்கினவர் எழுவதில்லை. மலைப்பகுதிகளில் இப்படிச் சாவுகள் நடந்துகொண்டேதான் இருக்கின்றன. விருந்தினருக்கு மூட்டிய கேம்ப் ஃபயரில் மிச்சமான தணலைப் பையன்கள் சட்டியில் அள்ளிக்கொண்டு போவார்கள். இரவு கடைசி வேலையாகத் தணலில் தண்ணீர் ஊற்றி அணைத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போங்கள். அறையில் மூடமுடியாத காற்றுத்துளை ஒன்று இருக்கட்டும்.

பணமும் நம்பிக்கையும்

நம்பிக்கையான ஆள் கிடைத்துவிட்டார் என்று முன்பதிவு, பணம், சாவி மூன்றையும் ஒருவரிடம் விடாதீர்கள். அது அவருக்கும் நல்லதல்ல. நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அறையைக் கணக்கில் எழுதாமல் விடுவது இங்கே பழைய தந்திரம். பதிவேட்டைப் பார்த்தால் தெரியாது, துவைக்கப் போன பெட்ஷீட்டை எண்ணினால் தெரியும். ஆறு அறை வாடகை வந்த வாரத்தில் ஒன்பது அறை விரிப்பு சலவைக்குப் போயிருந்தால் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம். கவுன்டரில் ஒட்டிய கியூஆர் அட்டை உங்களுடையதுதானா என்று தினம் காலையில் ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள்.

போகிறவரை அனுப்பும் விதம்

ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும், இல்லையென்றால் அதற்கான சம்பளமும் இல்லாமல் கடைகள் சட்டப்படி நிறுத்த முடியாது. தவறு நடந்தால் அன்றே தேதி போட்டு எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சு பிறகு நிற்காது. விலகுகிறவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்கச் சொல்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. அவர் கடைசி நாளன்றே முடித்துக் கொடுத்துவிடுங்கள். சாவி, சீருடை, கம்பளி, போனிலுள்ள கடை வாட்ஸப் எண் ஆகிய நாலையும் அப்போதே வாங்கிக்கொள்ளலாம். பிப்ரவரி பிறந்ததும் அவருக்கு ஒரு போன் போடுங்கள். அவர் வராவிட்டாலும் தங்கையையோ மச்சானையோ அனுப்பி வைப்பார், பஸ் நேரமும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும்.